வசந்தா அக்கா குடியிருந்த ஊர்

செய்தி வந்தபோது நான் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் பாதி பார்த்த கேஸ் ஷீட் ஒன்று திறந்து கிடந்தது. போனில் வசந்தா அக்காவின் கணவர் சௌந்தர் அண்ணனின் பெயர் வந்ததுமே எதற்கென்று தெரிந்துவிட்டது.

"அம்மணி, வசந்தா போயிட்டாளுங்க. விடியறப்பதான். ரொம்பக் கஷ்டப்படலைங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க வேலையில இருப்பீங்க. முடிச்சுப்போட்டு மெதுவா வாங்க," என்றார்.

வாரேனுங்கண்ணா என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தக் கேஸ் ஷீட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் அது அலமாரிக்குத் திரும்பிப் போய்விடும், மறுபடி தேடி எடுக்க ஒரு பொழுது ஆகும். பெயர், வயது, முகவரி, கட்டி இருந்த இடம், பயாப்ஸி முடிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கை அதுபாட்டுக்கு எழுதியது. கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கே வேலை செய்பவர், "என்னங்க, இன்னைக்கு இத்தனை சீக்கிரம்?" என்றார். எங்கள் ஆபீஸ் அக்கா தவறிவிட்டார் என்றேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். கேன்சர் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நாள் பூராவும் அதையே எழுதறவங்களுக்குமா," என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வசந்தாமணி என்பது முழுப்பெயர். எங்களுக்கு வசந்தா அக்கா. இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் புற்றுநோய்ப் பதிவக ஊழியர்களான நீங்களும் இருப்பீர்கள், சிங்காநல்லூரில் அவர்களுடைய செக்கு எண்ணெய்க் கடைக்கு வந்துபோனவர்களும் இருப்பீர்கள். ஒரு பக்கத்தாருக்கு எண்ணெயைத் தெரியும், இன்னொரு பக்கத்தாருக்குக் கணக்கைத் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. இந்த மாவட்டத்தின் கணக்கில் வசந்தா அக்கா வராமலே போயிருக்கக்கூடும். அதைத்தான் எழுதுகிறேன். சௌந்தர் அண்ணனைக் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை. புற்றுநோய்ப் பதிவகம் என்றதும் மருத்துவமனை என்று நினைத்து எங்களிடம் ஸ்கேனுக்கு வந்து நிற்கிறவர்கள் உண்டு. இங்கே மருந்தும் இல்லை, கட்டிலும் இல்லை. இந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களில் இந்த வருடம் புதிதாக யார் யாருக்கு, உடம்பில் எங்கே நோய் வந்தது என்று சேகரிப்பது மட்டுமே வேலை. மருத்துவமனைகளின் கோப்புகள் ஒரு பக்கம், ஆய்வுக்கூடங்களின் பயாப்ஸி முடிவுகள் ஒரு பக்கம், மாநகராட்சியின் இறப்புப் பதிவுகள் ஒரு பக்கம். மூன்றையும் ஒப்பிட்டு, ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணாமல், ஒருவரையும் விடாமல் சேர்த்து மேலே அனுப்புகிறோம். நாடு முழுக்க இப்படிச் சேர்வதைக் கூட்டித்தான் தேசிய அறிக்கை வருகிறது. செய்தித்தாளில் பெண்களிடையே இந்த நோய் கூடியது, ஆண்களிடையே அந்த நோய் குறைந்தது என்று பெட்டிச் செய்தி வருமே, அது அங்கிருந்து எடுத்ததுதான். அறிக்கை வருவதற்குள் அதில் எண்ணப்பட்டவர்களில் பலர் இருப்பதில்லை. எங்களுக்கு அது பழகிவிட்டது என்று சொல்லலாம். பழகிய களைப்பு.

எங்கே சிகிச்சை எடுத்தார் என்பது இந்தக் கணக்குக்கு முக்கியமில்லை. எங்கே ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்தார் என்பதுதான் முக்கியம். இது ஒன்றுதான் எங்களைத் தெருத்தெருவாக நடக்க வைக்கிறது.

வசந்தா அக்கா எனக்குப் பிறகுதான் வேலைக்கு வந்தார். வயதில் பெரியவர், வேலையில் புதியவர். அதற்கு முன் ஒரு மில் ஆபீஸில் இருந்தவர், மில்லை மூடிவிட்டார்கள். அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார். டாக்டர் என்றால் எங்கள் பதிவகத்தின் தலைவர். நான் மதுக்கரையிலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். புள்ளியியல் படித்தேன்; எண்களோடு இருந்துவிட்டால் ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்று ஒரு எண்ணம். புதிதாக வந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் முழுக்கத் திரையைக் காட்டினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவர் பையை எடுத்துக்கொண்டே, "கண்ணு, நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. நாளைக்குச் சத்தத்தையும் கொஞ்சம் சேத்திக்கிட்டா இன்னும் நல்லாருக்கும்," என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் களப்பணிக்கு ஜோடியாகப் போட்டார்கள். முகவரி சந்தேகமாக இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அக்கா பேசுவார், நான் எழுதுவேன். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்தது.

ஒரு தடவை காந்திபுரத்தில் ஒரே கதவு எண்ணில் நிறைய நோயாளிகள் வந்தார்கள். வெவ்வேறு பெயர், வெவ்வேறு வயது, வெவ்வேறு நோய். வெயிலில் தேடிப் போனால் அது ஒரு லாட்ஜ். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்கியவர்கள் அதையே தங்கள் வீடாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிலர் வசதிக்காக. பலர், ஊருக்குக் கடிதம் போய்விடக்கூடாது என்று.

அக்கா மேனேஜரிடம் போய், "ஏனுங்க, உங்க லாட்ஜ்ல குடியிருக்கறவங்களுக்கு மட்டும் எப்படிங்க இத்தன பேருக்கு நோய் வருது?" என்றார்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, அப்படி எங்கயும் சொல்லிப்போடாதீங்க. யாவாரம் போயிரும்."

"நான் சொல்லலைங்க. கணக்கு சொல்லுது."

"கணக்க மாத்தி எழுதிக்கங்க!"

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறோம். அவங்க ஊரு பேரு உங்க நோட்ல இருக்குமில்ல, எடுங்க பாக்கலாம். உக்காருங்க, உக்காருங்க, உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம்."

அவர் டீ வரவழைத்தார். ஆட்களை அவரவர் ஊருக்குத் திருப்பி எழுத மதியம் முழுக்க ஆயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன், இதை விட்டிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும் என்று. களைப்பில் கேட்டதுதான். அக்கா நின்றார். "அவங்க ஊர்ல யாருக்குமே ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும் கண்ணு. ஒண்ணும் இல்லாத ஊருக்கு எதுக்குங்க பரிசோதனை வண்டி அனுப்பப் போறாங்க?" என்றார். அதன்பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சௌந்தர் அண்ணன் வெள்ளகோவில் பக்கமிருந்து கடலையும் எள்ளும் வாங்கி வந்து, வீட்டின் முன்பகுதியில் மரச்செக்கு வைத்து ஆட்டி விற்கிறார். நல்ல எண்ணெய். எங்கள் ஆபீஸில் எல்லோர் வீட்டிலும் அதுதான். அக்கா வாரம் ஒருமுறை கேனில் கொண்டுவந்து கொடுப்பார். கடையின் பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "எங்கள் செக்கு எண்ணெய் இருக்கும் வீட்டில் புற்றுநோய்க்கு இடமில்லை."

டாக்டர் ஒருநாள் அந்தப் பக்கம் போய்வந்து, "வசந்தா, உங்க கடை போர்டைப் பாத்தேன். நம்ம ஆபீஸையே மூடிரலாம் போலிருக்கே," என்றார்.

"அது அவரு எழுதினதுங்க டாக்டர். ரிப்போர்ட் நான் எழுதறது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் படிக்காதீங்க," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். வீட்டில் அந்த வாசகத்துக்காக அவர் சண்டை போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். "எடுங்கன்னா எடுக்க மாட்டேங்கறாரு. அந்த வரிய வெச்சுத்தான் பாதிப் பேரு வர்றாங்களாம்," என்பார்.

ஒரு வருடம் ஆடி முடிந்த சமயத்தில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அல்சர் என்று மாத்திரை போட்டார். மெலிந்தார். பிறகு லீவு போட்டார். திரும்பி வந்த அன்று சாயங்காலம், காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்.

"இரைப்பைலங்க கண்ணு. கேரளாவுல போய்ப் பாத்துட்டு வந்தோம். இங்க பாத்தா ரெக்கார்டு ரூம்ல நீங்களே என் ஷீட்ட எடுப்பீங்கல்ல, அதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"அட்ரஸ் என் தங்கச்சி ஊட்டு அட்ரஸ் குடுத்துப்போட்டேன். வெள்ளகோவில். அவருதான் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்." பஸ் வந்து போனது, நாங்கள் ஏறவில்லை. "அப்படிப் பாக்காதீங்க. நீங்க மனசுல என்ன கேக்கறீங்கன்னு தெரியுது. ஊரெல்லாம் போய் நான் கேட்டதுதானே."

அவர் சொன்னதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். வெள்ளகோவில் திருப்பூர் மாவட்டம். எங்கள் எல்லைக்கு வெளியே. இங்கே அவர் பெயர் வராது. அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தாலும், விசாரிக்கப் போகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் இந்தப் பெயரில் இங்கே யாரும் குடியில்லை என்பார்கள், கழித்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் போவார். அவர் வாழ்ந்த ஊரில் அவருக்கு நோய் வரவே இல்லை என்றாகும்.

சிகிச்சைக்கு நடுவே தெம்பு இருக்கும் நாட்களில் வேலைக்கு வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். "டைபாய்டுங்க, முடி கொட்டிப்போச்சு," என்று எல்லோரிடமும் சொன்னார். எங்கள் ஆபீஸில் அதை நம்ப யாராலும் முடியாது. அந்தத் துண்டும் கருத்துப்போன நகங்களும் கீமோ மருந்தால் என்று எங்கள் வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பதே வேலையாக இருக்கும் பத்துப் பதினைந்து பேர், பக்கத்து நாற்காலியைக் கேட்காமல் மாதக்கணக்கில் டீ குடித்தோம். டாக்டர் மட்டும் ஒருநாள் அவர் மேசைக்கு வந்து, "வசந்தா, ஏதாவது..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணுமில்லைங்க டாக்டர், அல்சரு," என்றார் அக்கா. முதலில் டைபாய்டு என்றவர். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடத்துக் கணக்கை மூடி அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் திரையைத் திறந்தேன், மூடினேன். அவர் சொல்லாததை நான் எழுத முடியாது. தெரிந்ததை விட்டுவிடவும் முடியவில்லை. வீட்டில் அம்மா, "ஏன் புள்ள இப்படி வதங்கிக் கெடக்குற?" என்றார். கணக்கு முடிக்கிற வேலை என்றேன்.

மாசியில் ஒரு வீட்டுக்குப் போனோம். பீளமேட்டுப் பக்கம் ஒரு தையல்காரரின் வீடு. கணவருக்குத் தொண்டையில் நோய். மனைவி வாசலிலேயே நின்று, அவர் இங்கே இல்லை, சொந்த ஊரான கரூரில்தான் இருக்கிறார், எப்போதாவது வந்துபோவார் என்றார். உள்ளே தையல் மிஷினின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருமலும் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார், "மிஷினு தானா தைக்குதுங்களா?" என்றிருப்பார், அந்த அம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டிருப்பார். அன்றைக்கு அக்கா அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிங்க, நீங்க சொல்றாப்புலயே இருக்கட்டும்," என்று திரும்பி நடந்தார்.

தெருமுனையில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் இடம் விட்டார்.

"எனக்கு இனி கேக்க வாய் வராது கண்ணு. நானே மறைச்சுப்போட்டு அடுத்தவங்கள என்னன்னு கேக்கறது?"

நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்தார். அதுவும் இறங்கச் சிரமப்பட்டது.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. சாப்பிட இல்ல. ஃபாரத்த எடுத்துட்டு வாங்க. அவரும் இருக்கோணும். எல்லாத்தையும் கேக்கறாப்புலயே கேளுங்க, எனக்குன்னு ஒண்ணையும் விட்றாதீங்க."

"நானுங்களாக்கா?"

"வேற ஆரு? நான் என்னையே போய்க் கேட்டுக்க முடியுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். கடையில் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. எள்ளும் கருப்பட்டியும் கலந்த வாசனை தெருவரை வந்தது. அந்தப் பலகைக்குக் கீழே நுழையும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா உள்ளறையில் நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். சௌந்தர் அண்ணனுக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார். செக்குச் சத்தம் நின்றதும் வீடே புதிதாகத் தெரிந்தது.

"பேருங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா, கண்ணு."

"பேருங்க?"

"வசந்தாமணி."

"வயசு?"

"கொறச்சுச் சொன்னா போட்டுக்குவீங்களா?"

"மாட்டேனுங்க்கா."

"அப்ப நாப்பத்தேழு."

"படிப்பு?"

"பி.காம். ஒரு பேப்பரு நின்னுபோச்சு. அதையும் எழுதோணுமா?"

"அதுக்கு எடம் இல்லைங்க்கா."

"நல்லவேளை."

"ஊட்ல பேசற மொழி?"

"சண்டைன்னா தெலுங்கு. சமாதானம்னா தமிழு." அண்ணன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த வீட்ல எவ்வளவு காலமா குடியிருக்கீங்க?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

அண்ணன்தான் பேசினார். "அம்மணி, இந்த ஊட்ல நீங்க எத்தன நாளு சாப்பிட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாத அட்ரஸுங்களா? எதுக்கு எங்க வாயில வர வெக்கறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது கணக்குல வராதுங்கண்ணா. நீங்க சொல்லோணும்."

"சொன்னா அது எங்க போகும்?"

"எங்க ஆபீஸோட சரிங்க. பேரு, தெரு எதுவும் வெளிய போகாது. மேல போறது எண்ணிக்கை மட்டுந்தானுங்க. இந்த மாவட்டத்துல, பொம்பளைங்கள்ல, இரைப்பையில இத்தன பேருன்னு. அக்கா அதுல ஒண்ணு."

"ஒண்ணு," என்றார் அவர். நிலையில் சாய்ந்துகொண்டார். "நான் யாவாரத்துக்குப் பயப்படறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும். யாவாரம் கெடக்குதுங்க அம்மணி. இவ கல்யாணமாகி வந்ததுலிருந்து நான் ஆட்டின எண்ணெயத்தான் சாப்பிட்டா. வேற எண்ணெய் இந்த ஊட்டுக்குள்ள வந்ததில்ல. போர்டுல நானே எழுதி வெச்சேன். ஊரு கேக்கறது அப்பறம். படுத்தா நானே என்னைக் கேக்கறேன். இதுனாலயே வந்துச்சான்னு கேக்கறேன். இல்ல, எல்லாத்தையும் காப்பாத்துதுன்னு சொன்னது இவள மட்டும் ஏன் காப்பாத்தலைன்னு கேக்கறேன்."

இத்தனை மாதங்களாக நாங்கள் இருவரும் கடையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருந்தோம்.

அக்கா கையை நீட்டினார். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க, இங்க பாருங்க. எண்ணெயால இது வரவும் இல்ல. எண்ணெயால நிக்கறதும் இல்ல. எண்ணெய் எண்ணெய்தானுங்க. உங்குளுது நல்ல எண்ணெய். பணியாரம் சுட அத விட்டா வேற கெடையாது. அத்தனதான் அதுக்கு வேலை. அது தலைமேல ஏனுங்க இத்தனையத் தூக்கி வெக்கறீங்க?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகவரியைச் சொன்னார். கதவு எண், தெரு, சிங்காநல்லூர், பின்கோடு. கூரியர்காரரிடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அடையாளத்துக்குக் கடைப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். எத்தனை வருடமாக என்பதையும் அவரே சொன்னார். எழுதி முடித்து நான் நிமிர்ந்தபோது அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"கேள்வியெல்லாம் சரியாத்தான் கேட்டீங்க," என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆனா மூஞ்சிய அப்படித் தொங்கப்போட்டுக்கிட்டுப் போனா அடுத்த ஊட்ல கதவச் சாத்திருவாங்க கண்ணு."

மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேரளாக்காரங்ககிட்ட பயாப்ஸி விவரம் நான் கேட்டு வாங்கறேன்," என்றார். அந்த வருடக் கணக்கு போனபோது அதில் அக்கா இருந்தார்.

அதன்பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. வைகாசி தாண்டவில்லை.

அவர் போன அன்று வீட்டு முன்னால் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். கடைக்கு எண்ணெய் வாங்க வந்த ஓர் அம்மா, கையில் காலிக் கேனோடு, விவரம் தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். என்ன ஆச்சு, ஹார்ட் அட்டாக்கா என்று கேட்டார். அப்படித்தான் கேட்பார்கள், அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்கு வரும் இறப்புப் பதிவுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். சௌந்தர் அண்ணன் எழுந்து நின்று, "இல்லைங்க. இரைப்பைல புற்றுநோயிங்க," என்றார். பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. உறவில் ஒருவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். அவர் உட்காரவில்லை. அந்த அம்மா கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வாடிக்கை குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். பலகையில் அந்த வரியின் மேல் அவரே வெள்ளைச் சாயம் பூசிவிட்டார். ஒரு பூச்சுதான். வெயில் நேராக விழும்போது கீழே இருக்கும் எழுத்து இன்னும் தெரிகிறது.

போன மாதம் மாநகராட்சியிலிருந்து இறப்புப் பதிவுகள் வந்தன. வழக்கம்போல நான்தான் சரிபார்த்தேன். மருத்துவமனைக் கோப்பில் ஒரு முகவரி, வீட்டில் ஒரு முகவரி, இறப்பில் ஒரு காரணம் என்று மூன்றும் மூன்று திசையில் இழுக்கும். அவற்றை ஒன்றாக்குவதில்தான் எங்கள் ஆயுள் போகிறது. வசந்தா அக்காவுக்கு, நான் ஃபாரத்தில் எழுதியதும் இறப்புப் பதிவும் ஒன்றாக இருந்தன. அதே பெயர், அதே வீடு, அதே நோய். நான் செய்ய அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. அடுத்த பெயருக்குப் போனேன்.

அவர் எண்ணப்பட்ட தேசிய அறிக்கை வர இன்னும் சில வருடங்கள் ஆகும். வந்தால் எங்கள் மாவட்டத்துக்கு நேரே ஒரு எண் இருக்கும். அதில் எது அவர் என்று யாரும் காட்ட முடியாது, நானும் முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் வீடு வீடாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது சௌந்தர் அண்ணன் செக்கில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். "எழுதுங்க அம்மணி. பேரையும் போட்டுக்கங்க. அட்ரஸையும் முழுசாப் போட்டிருங்க, படிக்கறவங்க நாலு பேரு கடைக்கு வரட்டும்," என்றார். சிரிக்க முயன்றார், பாதியில் நின்றுவிட்டது. அட்ரஸ் மட்டும் முடியாதுங்கண்ணா, எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவருக்கு அது புரிந்தது.

ஆகவே ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். கதவு எண், தெரு, பின்கோடு, அடையாளத்துக்கு அவர் சேர்த்துச் சொன்ன கடைப் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். வசந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.